அவர் போன் கேட்ட கேள்வி

ஜனவரி 5, திங்கள்

காலையில் பனி மூட்டம். மலை இருக்கிற இடமே தெரியவில்லை. கொடியில் கிடந்த துணி நேற்றைவிட ஈரம்.

சிலிண்டர் பதிய வேண்டும். அத்தைக்கு முட்டுவலித் தைலம். அவர் போனுக்கு ரீசார்ஜ்.

ரீசார்ஜ் என்றதும் குமாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பேச ஆளில்லாத நம்பருக்கு எதுக்கு மைனி?" என்றான். "நீ பேசுறதுக்குப் போடுறதைவிட இது எம்புட்டோ தேவலை" என்றேன். என் கொழுந்தன் செருப்பை மாட்டினான். வில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான். அங்கே கோர்ட் பக்கம் செராக்ஸ் கடையில் வேலை.

புது டைரி. ஒரு தடவை எழுதிவிடுகிறேன், இனி எழுத மாட்டேன். ஆடி அமாவாசைக்கு அவர் மலைக் கோயிலுக்குப் போனார். மில் ஆட்களோடு போனார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டார். மேலே டவர் கிடையாது, நனைந்தால் கெட்டுவிடும், மலைக்குப் போகிறவர்கள் பாதிப்பேர் அப்படித்தான். சாயங்காலம் ஓடையில் தண்ணீர் வந்தது. மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். அவர் எந்தப் பாதையில் இறங்கினார் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. மலைக்குக் கிளம்புகிறவரிடம் எந்த வழி, எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது என்பார்கள். கேட்கவில்லை. போலீஸ், வனத்துறை, கூமாப்பட்டி ஆட்கள், எல்லோரும் தேடினார்கள். செருப்புகூடக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

மதியம் கம்பெனியில் சாப்பிட உட்கார்ந்தேன். பைக்குள் வெளிச்சம். என் போன் மேஜைமேல் இருக்கிறது. பைக்குள் இருந்தது அவருடையது. எடுத்துப் பார்த்தால் பணம் அனுப்புகிற ஆப்பிலிருந்து ஒரு கேள்வி.

"யாரோ உங்கள் கணக்கில் உள்நுழைய முயல்கிறார்கள். நீங்கள்தானா? இடம்: ஸ்ரீவில்லிபுத்தூர் அருகில்."

கீழே இரண்டு கட்டம். ஆம். இல்லை.

தயிர்ச்சோற்றுக் கையோடு பார்த்துக்கொண்டே இருந்தேன். செத்த நேரத்தில் அதுவாகவே மறைந்துவிட்டது. சோற்றைக் கொட்டிவிட்டு வந்து பில் போட்டேன். மூன்று பில் தப்பு.

ஜனவரி 6, செவ்வாய்

இன்றும் வந்தது. அதே மதியம், அதே கேள்வி. ஒரே தடவை.

ராஜத்திடம் காட்டினேன். பக்கத்து மேஜை, தெலுங்குக்காரி, பேங்க் வேலை முழுக்க அவள்தான். "ஏமி செல்வி, இது சும்மா வராது. பாஸ்வேர்டைச் சரியா அடிச்சாத்தான் இந்தக் கேள்வியே வரும். மொதப் பூட்டு திறந்தாச்சு. ரெண்டாவது பூட்டுக்குத்தான் உன்னைக் கேக்குது" என்றாள்.

"திருடனா?"

"திருடனா இருந்தா பத்துத் தடவை அடிப்பான். விட மாட்டான். இது ஒரு தடவை கேட்டுட்டுப் போயிருதே" என்றாள். சொல்லிவிட்டு அவளே என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. போனைத் திறக்கிற கோடு தெரியும், ஆப்பின் பாஸ்வேர்டு தெரியாது. மில்லில் யாரோ ஒருவருடைய கணக்கைச் சுரண்டிவிட்டார்கள் என்று அவரே உட்கார்ந்து இந்த இரண்டு பூட்டையும் போட்டார். வாய்விட்டுச் சொல்கிற பழக்கமே கிடையாது அந்த மனிதருக்கு. எதையும்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ.

குமார்: "உடனே அந்தக் கணக்கை மூடிருங்க மைனி. எவனோ ஃபிராடு."

அத்தை: "என் புள்ள கதவைத் தட்டுதானாட்டி?"

குமார்: "எம்மா, சும்மா இரு. உசுரோட இருந்தா ஒரு போன் பண்ண மாட்டானா?"

யாருடைய போனிலிருந்து பண்ணுவார்? எந்த நம்பருக்கு? என் நம்பர் அவருக்கு மனப்பாடம் கிடையாது. அவர் நம்பர் எனக்கும் கிடையாது. தன் நம்பருக்கு இன்னும் ரீசார்ஜ் போடுகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பேரைத் தொட்டால் போகும், அவ்வளவுதான் தெரியும். பாஸ்வேர்டு அப்படியில்லை, தினம் அடித்து அடித்து விரலுக்கே பழகிப்போனது. இதைக் குமாரிடம் சொன்னேன். "ஊரும் தெருவுமா மறந்துபோச்சு?" என்றான். எழுந்து தோசை ஊற்றப் போனேன்.

அத்தை இரண்டு தோசை சாப்பிட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு. சட்னி வேறு கேட்டது.

ஜனவரி 7, புதன்

வெயில். கம்பெனியில் லோடு. கேள்வி வரவில்லை.

அவர் போனில் நடைக் கணக்கு வைக்கிற ஒன்று இருக்கிறது. நான் பையில் போட்டுக்கொண்டு அலைவதை அவர் நடப்பதாக நினைத்துக்கொள்கிறது. சாயங்காலம் தானாக எழுதிக் காட்டியது: "அருமை! இன்று நேற்றைவிட அதிகம் நடந்திருக்கிறீர்கள்." அடுப்படியில் நின்றுகொண்டு அதைப் படித்தேன். எடுத்துத் துணிக்கு அடியில் வைத்துவிட்டுப் பிறகு பாவம் என்று எடுத்துச் சார்ஜில் போட்டேன்.

போனைப் பாவம் என்கிறேன். எனக்கு முத்திக்கொண்டு வருகிறது.

ஜனவரி 8, வியாழன்

இன்றும் இல்லை. அத்தை சாப்பிடவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்ததையும் தள்ளிவிட்டது. "வந்தவனை நீ ஏன்னு கேக்கலை, போயிட்டான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கோபத்தை மட்டும் காட்டினேன்.

பெரிய மாமா வந்திருந்தார். மாமனாருக்கு அண்ணன், இந்தக் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். நாற்காலியில் உட்கார்ந்து செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"தை அமாவாசையில காரியத்தை முடிச்சிருவோம்மா. தர்ப்பையில உருவம் செஞ்சு பண்ணுறதுதான். ஆத்மா அலையக் கூடாதுல்லா. பொறவு நீ சேத்தூர்ல உங்க அண்ணன் வீட்டுக்குப் போனாலும் சரி, இங்க இருந்தாலும் சரி."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. நெற்றிப் பொட்டை அழித்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ என்கிறார், வெற்றிலை மென்றுகொண்டே. "அந்தக் கேள்வி யார் கேக்குறாங்கன்னு தெரியுற வரைக்கும் இந்த வீட்டுல எந்தக் காரியமும் நடக்காது மாமா" என்றேன். அவர் குமாரைப் பார்த்தார். குமார் தரையைப் பார்த்தான்.

ஜனவரி 9, வெள்ளி

வந்தது! சாப்பாட்டு நேரம்.

ஆனால் இன்று வேறு மாதிரி. கேள்வி இல்லை, இடம் இல்லை, ஆம் இல்லை கட்டம் இல்லை. வெறும் மெசேஜ். ஆறு எண்கள். இந்தக் குறியீட்டை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கீழே. ஆப்பை மாற்றியிருப்பார்கள், அடிக்கடி மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

யாரிடம் சொல்ல? கேட்க ஆளில்லையே.

அத்தைக்கு அந்த எண்களைப் படித்துக் காட்டினேன். குத்தமில்லை, அத்தை யாரிடம் போய்ச் சொல்லப் போகிறது. ஒவ்வொன்றாக விரல் விட்டுத் திருப்பிச் சொல்லியது. ரசஞ்சோறு சாப்பிட்டது.

நானும் சாப்பிட்டேன் என்று எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 10, சனி

ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு பெண் காவலர், நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டது. "அந்த இடத்தை நம்பாதீங்கக்கா. குத்துமதிப்பாத்தான் காட்டும். நீங்க இந்த ஊர்ல இருந்து பண்ணுனாலும் வில்லிபுத்தூர்னு காட்டலாம், வத்திராயிருப்புல இருந்து பண்ணுனாலும் காட்டலாம். தெரியாத ஆளுன்னா 'இல்லை'யை அமுக்கிருங்க. பாஸ்வேர்டையும் மாத்திருங்க."

"பாஸ்வேர்டே தெரியாதும்மா."

"அப்ப 'மறந்துவிட்டேன்'னு கொடுங்கக்கா. போனுக்குக் குறியீடு வரும், அதை வச்சு மாத்தலாம்."

தலையாட்டிவிட்டு வந்தேன். மாற்றினால் அவர் விரல் அடிக்கிற சொல் பொய்யாகிவிடும். வெளியில் நிற்கிறவர் எதை வைத்துத் தட்டுவார்? மாற்ற மாட்டேன்.

மதியம் குறியீடு வந்தது. அத்தைக்குச் சோறு ஊட்டத் தேவையிருக்கவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். குமார் லீவு, மீன் வாங்கி வந்தான். குறியீடு வரவில்லை. அத்தை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. மீன் வீணாய்ப் போனது.

ஜனவரி 12, திங்கள்

நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு வில்லிபுத்தூர் போனேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. அருகில், அருகில் என்கிறதே, அருகில் போய் நிற்போமே என்றுதான். பஸ் ஸ்டாண்டிலிருந்து தேரடி வரைக்கும் நடந்தேன், அவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு. பால்கோவாக் கடைகளில் கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆண்கள் எல்லோரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முகம்கூட நிமிரவில்லை. சட்டைக் காலர், பின்கழுத்து, காது. ஒவ்வொரு பின்கழுத்தாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒன்று அவருடையது மாதிரியே இருந்தது, முன்னால் போய்ப் பார்க்கத் தைரியமில்லை. பட்டப்பகல், அவ்வளவு சனம், எனக்கு மட்டும் காது அடைத்த மாதிரி ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அந்தப் பின்கழுத்து எழுந்து திரும்பியது. யாரோ. மீசை வைத்த யாரோ.

அதற்குமேல் தனியாக நிற்க முடியவில்லை. குமார் கடைக்குப் போய்ச் செத்த நேரம் உட்காரலாம் என்று போனேன். முன்னால் ஆளில்லை. பின்பக்கச் சந்தில் பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தான், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. டிபன் பாக்ஸ் திறக்காமல் பக்கத்தில். போனில் எதையோ அமுக்கினான்.

என் கையில் அவர் போன் ஒலித்தது. ஆறு எண்கள்.

அந்தச் சத்தத்துக்குத் திரும்பினான்.

"மைனி..."

"நீயாலே?"

எழுந்தான். அழுதுவிட்டான் பாவி. "அம்மா சாப்பிட்டுச்சு மைனி. நீங்களும் சாப்பிட்டீங்க. ரெண்டு நாள் வரலைன்னதும் ரெண்டு பேரும் மறுபடி பட்டினி. அதான்..."

கன்னத்தில் ஒன்று வைத்தேன். அண்ணன் பெண்டாட்டி கொழுந்தனை அடிப்பதை எதிர்க்கடைக்காரர் பார்த்தார், பார்க்கட்டும். செத்தவனைத் தட்ட வைத்துச் சோறு தின்ன வைக்கிறானாம். எங்கள் இரண்டு பேரையும் பொம்மை என்று நினைத்தானா? பஸ்ஸில் வரும்போதுதான் கவனித்தேன், செத்தவன் என்று மனசுக்குள் சொல்லியிருக்கிறேன். முதல் தடவை.

ஜனவரி 13, செவ்வாய்

குமாரோடு பேச்சு இல்லை. அத்தையிடம் எதுவும் சொல்லவில்லை.

பெரிய மாமாவுக்கு நானே போன் பண்ணினேன். "உங்க இஷ்டப்படி செய்யுங்க மாமா" என்றேன். "நல்லதும்மா, நல்லதும்மா" என்று இரண்டு தடவை சொன்னார். உடனே ஐயருக்குச் சொல்லிவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை, ஆற்றங்கரையில்.

தலைவலி. மாத்திரை தீர்ந்துவிட்டது.

ஜனவரி 14, புதன்

போகி. தெருவெல்லாம் புகை, டயர் நாற்றம், கண் எரிச்சல். கம்பெனி அரைநாள். வீட்டுக்கு வந்து பழைய பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் போன் விழித்தது. பழைய கேள்வி. நீங்கள்தானா? ஸ்ரீவில்லிபுத்தூர் அருகில்.

இவ்வளவு பட்ட பிறகும் திருந்தவில்லை பார், அடி வாங்கிய பிறகும்! வந்த ஆத்திரத்தில் அவன் மூஞ்சியில் அமுக்குவதாக நினைத்துக்கொண்டு 'இல்லை'யை அமுக்கினேன்.

"நன்றி. அந்தச் சாதனம் தடுக்கப்பட்டது. உங்கள் கணக்கு பாதுகாப்பாக உள்ளது."

நன்றாக இருந்தது. உண்மையைச் சொன்னால், ரொம்ப நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. பாயைக் கொண்டுபோய் நெருப்பில் போட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் வைக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. அத்தை தொடவில்லை. "சத்தமே காணுமேட்டி" என்றது. டிவி போட்டேன்.

ஜனவரி 17, சனி

நேற்று எழுதவில்லை, எழுத ஒன்றுமில்லை. இன்று இருக்கிறது.

குமார் காலையில் கடைக்குப் போகாமல் அடுப்படி வாசலில் வந்து நின்றான். நாளைக்கு அவன்தான் எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். "என்னை மன்னிச்சிருங்க மைனி. உங்ககிட்டப் பேசாம அந்தக் காரியத்தைச் செய்ய எனக்கு மனசு வரலை" என்றான்.

எனக்கும் இளகிவிட்டது. "சரி விடு. ஆனா போகியன்னிக்கு மறுபடி அனுப்புன பாரு, அதுக்குத்தான் எனக்கு ஆறலை. இல்லைன்னு அமுக்கிட்டேன். இனி உன் போன்ல இருந்து வரவே வராது" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். "போகியன்னிக்கு நான் எதுவும் அனுப்பலையே."

"பொய் சொல்லாதலே. நீங்கள்தானான்னு கேட்டுச்சு."

"கேட்டுச்சா?" என்றான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "மைனி, நான் அனுப்புனது வெறும் குறியீடு. பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு கொடுத்தா அது வரும், யார் வேணும்னாலும் வர வைக்கலாம். அந்தக் கேள்வி எனக்கு வர வைக்கத் தெரியாது. அதுக்கு அண்ணன் பாஸ்வேர்டு வேணுமே. எனக்கு எப்படித் தெரியும்?"

குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்தேன்.

"மொத ரெண்டு நாள் வந்ததே..." என்றேன்.

"அது நீங்க சொல்லித்தானே மைனி எனக்கே தெரியும்."

செராக்ஸ் கடைக்குத் தினம் வருகிற வக்கீல் குமாஸ்தாக்களிடம் கேட்டு, போனை நோண்டி, அவன் படித்துக்கொண்டது அந்த ஆறு எண் வித்தை மட்டும்தான். கேள்வி வந்தது மூன்று தடவை. மூன்றும் அவனில்லை. அவனென்று நினைத்து நான் அடைத்தது யாரை?

"திருடனாத்தான் இருக்கும் மைனி" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. "நல்லதுதான் பண்ணியிருக்கீங்க."

காரியத்தை நிறுத்து என்றேன். "நீங்க சரின்னு சொன்ன பொறவுதானே எல்லாருக்கும் சொல்லிட்டாவ. பெரியப்பா கேக்க மாட்டாரு. எல்லாரும் கிளம்பி வாராவ" என்றான். கடைசியில் ஒன்று ஒத்துக்கொண்டான்: தண்ணீரை விடுவதற்கு முன்னால் எனக்குப் போன் பண்ணிக் கேட்பான். நான் சொல்லாமல் விட மாட்டான்.

ஜனவரி 18, ஞாயிறு

தை அமாவாசை. மேகம். மலை நன்றாகத் தெரிகிறது, பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி.

எல்லோரும் வேனில் ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. அத்தையும் போகவில்லை. பெரிய மாமா வாசலில் நின்று ஏதோ சத்தம் போட்டார். கதவைச் சாத்திவிட்டேன்.

தடுத்ததை எடுத்துவிட வழி இருக்கிறது. ஆப்பில் தேடிக் கண்டுபிடித்தேன். 'தடுத்த சாதனங்கள்', அதில் ஒரே ஒன்று, பக்கத்தில் 'மீண்டும் அனுமதி'. தொட்டேன். கடவுச்சொல் கேட்கிறது. மறந்துவிட்டேன் என்று கொடுத்தால் புதிதாக மாறிவிடும், அப்புறம் அவர் அடிப்பது சேராது. பழையதுதான் வேண்டும்.

என் பெயரை அடித்தேன். தவறு.

அத்தை எதிரில் உட்கார்ந்துகொண்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டும் என்று நினைத்தேன். திட்டவில்லை. "குலசாமி பேரைப் போடுட்டி" என்றது. தவறு. பிறந்த ஊர். தவறு. கல்யாண நாள், என் யோசனை. தவறு.

"இன்னும் ஒரு முயற்சி மட்டுமே உள்ளது."

இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்த மனிதர். தினம் என்ன சொல்லை அடித்தார் என்று தெரியவில்லை. நினைக்க நினைக்க ஒரு சொல்லும் வரவில்லை. என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

இதற்குள் குமார் கூப்பிட்டான். பின்னால் தண்ணீர்ச் சத்தம், ஐயர் அவசரப்படுத்துகிற சத்தம். "விடட்டுமா மைனி?"

"பொறு" என்றேன்.

"எல்லாரும் என்னைப் பாக்குறாங்க மைனி."

"செத்த நேரம் பொறுலே. திரும்பக் கூப்பிடு" என்று வைத்துவிட்டேன்.

இரண்டு போனையும் உள்ளே மேஜைமேல் சார்ஜில் போட்டுவிட்டு இங்கே வந்து எழுதுகிறேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இறந்துவிட்டார் என்று என் வாயால் எப்படிச் சொல்வது. இருக்கிறார் என்று எதை வைத்துச் சொல்வது.

உள்ளே மேஜை அதிர்கிறது. ஒன்றுதான் அதிர்கிறது. என்னுடையதா, அவருடையதா என்று இங்கிருந்து தெரியவில்லை. அத்தை எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. போகிறோம்.